அபலோனி ஓட்டின் வளையங்களும் வயதுக் கணக்கும்

மரத்தை அறுத்தால் வளையம் தெரியும்; வளையத்தை எண்ணினால் வயது தெரியும். இந்தப் பாடத்தைப் பள்ளியில் ஒருமுறை படித்துவிட்டவர், வளையம் கொண்ட எந்தப் பொருளைக் கண்டாலும் எண்ணத் தொடங்கிவிடுகிறார். மீனின் செதிலிலும் செவிக்கல்லிலும், ஆமையோட்டிலும், பவளப்பாறையிலும், கிளிஞ்சலிலும் மனிதர் இவ்வாறு எண்ணிப் பார்த்திருக்கின்றனர். சில இடங்களில் எண்ணிக்கை பலித்தது. ஐஸ்லாந்துக் கடலிலிருந்து 2006-இல் எடுக்கப்பட்ட ஆர்க்டிகா இனச் சிப்பி ஒன்றின் வளையங்களை எண்ணியவர்கள், முதலில் அதன் வயது நானூறு ஆண்டுக்குச் சற்று மேல் என்றனர். 2013-இல் நுட்பமாக மறுபடி எண்ணி 507 என்று திருத்தினர். அப்படியானால் அது பிறந்த ஆண்டு 1499. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சென்ற முதற் பயணம் முடிந்த ஆண்டு.

நான் எழுத வந்தது எண்ணிக்கை அவ்வளவு எளிதிற் பலிக்காத ஓர் உயிரைப் பற்றி. அதன் பெயர் அபலோனி.

அபலோனியைச் சிப்பி என்று சொல்வது பேச்சு வழக்குக்குப் பொருந்தும். உண்மையில் அது நத்தை வகையைச் சேர்ந்தது. காதுமடலைப் போன்ற ஒற்றை ஓடு, அதன் கீழே பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும் தசைப்பாதம், அவ்வளவே அதன் உருவம். அந்தப் பாதம் சீனத்திலும் ஜப்பானிலும் விலையுயர்ந்த உணவு. ஓட்டின் உட்புறம் முத்தைப் போல ஒளிரும். ‘கடற்காது’ என்று பொருள்படும் ஹாலியோட்டிஸ் என்பது அதன் அறிவியற்பெயர். அபலோனி என்ற பெயரோ, கலிஃபோர்னியாவின் மான்டரே கரையில் வாழ்ந்த ரும்சென் என்னும் பழங்குடியினரின் மொழியிலிருந்து எசுப்பானியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். தமிழில் எல்லாரும் அறிந்த பெயர் ஒன்று அமையாததால் அபலோனி என்றே எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவிலும் ஹாலியோட்டிஸ் வேரியா என்ற சிறிய இனம் உண்டு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறது. எனினும் இந்தக் கதை பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலும் ஓரளவு ஆஸ்திரேலியாவிலும் நடக்கிறது.

அபலோனி ஓட்டைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அதன் ஓரத்தில் வரிசையாக அமைந்த துளைகள். உள்ளே சென்ற நீர் இவற்றின் வழியே வெளியேறுகிறது. கழிவும், இனப்பெருக்க காலத்தில் முட்டையும் விந்தும் இவ்வழியே கடலிற் கலக்கின்றன. ஓடு வளர வளர முன்விளிம்பில் புதுத்துளை தோன்றும். பின்னால் உள்ள பழைய துளை அடைபடும். கலிஃபோர்னியாவின் சிவப்பு அபலோனியில் எப்போதும் மூன்று அல்லது நான்கு துளைகளே திறந்திருக்கும். அடைபட்ட துளைகளின் தழும்புகள் சுருளின் நுனிவரை வரிசையாகச் செல்லும். வளர்ச்சியின் தடம் இப்படி வெளிப்படையாகவே பதிந்திருப்பதைக் காண்பவர், வயதும் எங்கோ பதிந்திருக்கத்தான் வேண்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை.

வளையங்கள் இருக்கவே செய்கின்றன. ஒன்றல்ல, மூன்று வகை.

முதலாவது, ஓட்டின் மேற்பரப்பில் தெரியும் மேடுபள்ளங்கள். இரண்டாவது, நிறப் பட்டைகள். சிவப்பு அபலோனிக்கு அந்தச் சிவப்பைத் தருவது அது மேயும் செம்பாசி. அதற்குக் கெல்ப் முதலிய பழுப்புப்பாசிகளை மட்டும் கொடுத்து வளர்த்தால், புதிதாக உருவாகும் ஓடு வெண்மை கலந்த பச்சையாக வருகிறது. மீண்டும் செம்பாசி கிடைத்தால் மீண்டும் சிவப்பு. கலிஃபோர்னிய ஆய்வாளர் டேவிட் லைட்டன் 1961-இல் இதை எழுதினார். ஜப்பானியர் இந்த உண்மையை நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டனர். குஞ்சகத்தில் வளர்ந்த அபலோனியின் ஓடு பச்சையாக இருக்கும். கடலில் விட்டபின் வளரும் பகுதி பழுப்பாகும். சில ஆண்டுகள் கழித்துப் பிடிபடும் அபலோனியின் நுனியில் பச்சைப் பொட்டு இருந்தால், அது மனிதர் வளர்த்துவிட்டது. இல்லையென்றால் கடலிலேயே பிறந்தது. ஆண்டுக் கணக்கு இந்த நிறங்களில் இல்லை. எந்த வேளை என்ன உண்டது என்ற உணவுக் கணக்கு இருக்கிறது.

மூன்றாவது வளையம் ஓட்டின் உள்ளே இருக்கிறது. ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியதும் இதையே. அதைப் புரிந்துகொள்ள ஓடு உருவாகும் விதத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். அபலோனியின் உடலைப் போர்த்திருக்கும் மேலுறைத் தசைமடிப்பு கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து ஓட்டைக் கட்டுகிறது. சிவப்பு அபலோனியில் வெளியடுக்கு கால்சைட் என்னும் படிகவடிவம். ஒளிரும் உள்ளடுக்கு அரகோனைட் என்னும் மற்றொரு வடிவம். உள்ளடுக்கில் அரகோனைட் நுண்தகடுகள், செங்கல் மேல் செங்கலாக அடுக்கியதுபோல் அமைந்திருக்கின்றன. ஒரு தகட்டின் தடிப்பு ஏறத்தாழ மில்லிமீட்டரில் ஈராயிரத்தில் ஒரு பங்கு. தகடுகளுக்கிடையே சாந்து பூசியதுபோல் மிக மெல்லிய புரதப்படலம். எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சுண்ணாம்பேயான இந்தப் பொருள், வெறுஞ்சுண்ணாம்பைவிடப் பலமடங்கு உடையாமல் தாங்குவதற்கு இந்த அடுக்குமுறையே காரணம். பொருளறிவியலார் பலர் அபலோனி ஓட்டைக் கட்டியழுவதும் இதற்காகத்தான்.

கட்டுமானம் சீராக நடக்கும்வரை வளையம் இல்லை. நடுவே வேலை நின்றால், அல்லது மிக மெதுவானால், தகடுகளுக்குப் பதிலாகத் தடித்த புரதப்படலமும் ஒழுங்கற்ற படிகங்களும் படிகின்றன. குறுக்குவெட்டில் இவை கருங்கோடுகளாகத் தெரியும். சிவப்பு அபலோனியில் ஒரு கோட்டின் தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். எனவே வளையம் என்பது வளர்ச்சி நின்றதன் குறி. இதில் ஐயமில்லை. ஏன் நின்றது என்பதே கேள்வி. குளிர் வந்து நிற்கலாம். உணவின்றி நிற்கலாம். முட்டையிடுவதற்கே சத்தெல்லாம் செலவாகி நிற்கலாம். புயல் பாறையைப் புரட்டியிருக்கலாம். இவற்றுள் ஆண்டுக்கொருமுறை தவறாமல் வருபவை சில. நினைத்தபோது வருபவை சில. கோட்டில் எல்லாம் ஒரே கருமைதான்.

ஓலைச்சுவடியில் பழகியவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதன்று. ஏட்டில் ஒரு கீறல் இருக்கிறது. அது புள்ளியா, எழுத்தின் பகுதியா, எழுத்தாணி தவறி இழுத்ததா? கீறலை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விடை வராது. வேறு படி ஒன்று வேண்டும். அல்லது செய்யுளின் யாப்பு சாட்சி சொல்ல வேண்டும்.

அபலோனிக்கு அத்தகைய புறச்சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹெரால்ட் யூரி என்ற அமெரிக்க வேதியியலார் கனநீரகத்தைக் கண்டுபிடித்ததற்காக 1934-இல் நோபெல் பரிசு பெற்றவர். உலகப்போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் ஐசோடோப்புகளைப் பிரிக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஐசோடோப்புகளின் வெப்ப இயக்கப் பண்புகளைப் பற்றி 1946-இன் இறுதியில் லண்டனில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அது 1947-இல் அச்சேறியது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது ஒரு வெப்பமானி. கடல்நீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்று, வழக்கமான 16-க்குப் பதிலாக 18 என்னும் கூடிய நிறை கொண்டது. சிப்பி ஓடு கட்டும்போது இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் கனத்த ஆக்சிஜன் ஓட்டில் சற்றுக் கூடுதலாகச் சேரும்; வெப்பமாக இருந்தால் குறையும். ஒரு பாகை செல்சியஸுக்கு உரிய வேறுபாடு பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவே. அதை அளக்கவல்ல நிறைமானி அப்போது இல்லை. சிக்காகோவில் அதையும் செம்மைப்படுத்திக் கொண்டனர்.

கணக்குத் தாளில் இருந்தால் போதாது. வெப்பநிலை தெரிந்த நீரில் வளர்ந்த ஓடு வேண்டும். இங்கேதான் அபலோனி வருகிறது. யூரியின் குழுவில் இருந்தவர்கள் சாமுவேல் எப்ஸ்டைன், நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய தொல்லுயிரியலார் ஹைன்ஸ் லோவென்ஸ்டாம், விலங்கியலார் ரால்ஃப் பக்ஸ்பாம் ஆகியோர். அவர்கள் அபலோனி உள்ளிட்ட கடலுயிர்களின் ஓட்டைச் சேதப்படுத்தி, வெப்பநிலை கட்டுக்குள் வைத்த நீரில் விட்டனர். உயிர் தன் ஓட்டின் ஊறுபட்ட இடத்தைச் சுண்ணாம்பால் அடைத்தது. அந்த ஒட்டுப்பகுதியைச் சுரண்டி எடுத்து அளந்தனர். இவ்வாறு கிடைத்த எண்களைக்கொண்டு 1951-இல் வெளியிட்ட அளவுகோலை, 1953-இல் திருத்தி வெளியிட்டனர். அதற்குப்பின் நீண்டகாலம் பழங்காலக் கடல்களின் வெப்பநிலையைச் சொன்னவர்கள் எல்லாரும் அந்த அளவுகோலை நேரடியாகவோ மறைமுகமாகவோ கையாண்டவர்களே. பனியூழிகளின் வரலாறு எழுதப்பட்டதில் சில அபலோனிகளின் புண்ணாறிய தழும்புக்கும் பங்குண்டு என்பது பலரும் நினைத்துப் பாராத செய்தி.

இந்த வெப்பமானியை வைத்து அவர்கள் 1951-இல் வெளியிட்ட ஒரு வாசிப்பு புகழ்பெற்றது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த, ஜுராசிக் காலத்துப் பெலம்னைட் ஒன்றின் புதைபடிவம். கணவாயின் தூரத்து உறவு. அதன் வளையங்களை நடுவிலிருந்து வெளிநோக்கி வரிசையாகச் சுரண்டி அளந்தனர். வெப்பமும் குளிரும் மாறிமாறி வந்தன. இளமைக்குப் பின் மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டு, ஏறத்தாழ நான்கு வயதில், ஒரு வசந்தத்தில் அது இறந்தது என்று எழுதினர். பதினைந்து கோடி ஆண்டுக்கு முந்தைய ஓர் உயிரின் சாவுக்குப் பருவம் குறித்த அந்த வரியை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன்.

இதன் பயன் வெளிப்படை. வளையத்தை எண்ணி வயது சொல்பவரிடம், ‘அந்த வளையம் ஆண்டு வளையம்தானா?’ என்று கேட்க இப்போது ஒரு கருவி இருக்கிறது. ஓட்டின் வளர்ச்சித் திசையில் வரிசையாகத் துகள் எடுத்து அளந்தால் கோடையும் குளிரும் அலைபோல் ஏறி இறங்கும். ஓர் அலை ஓராண்டு. ஒவ்வோர் அலைக்கும் ஒரு வளையம் நின்றால் எண்ணிக்கை மெய், இல்லாவிட்டால் பொய். இதிலும் விழிப்பு வேண்டும். வட கலிஃபோர்னியாக் கரையில் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அங்கே கடல் மிகக் குளிர்வது மார்கழியிலன்று, சித்திரை வைகாசியில். குளிர் என்றால் குளிர்காலம் என்று நாட்காட்டியைப் பார்த்து முடிவுசெய்தவர் அரையாண்டு பிசகுவார்.

தொல்லியலாரும் இந்தக் கருவியை விரைந்து எடுத்துக்கொண்டனர். அபலோனிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில், ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுக்கு முன் காவிக்கல்லை அரைத்துக் குழைத்து வைத்திருந்த இரண்டு அபலோனி ஓடுகள் கிடைத்தன; 2011-இல் அதன் அறிக்கை வெளியானது. கலிஃபோர்னியாவின் சானல் தீவுகளில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் அபலோனியை உண்டு ஓட்டைக் குவித்தனர். ஓட்டில் தூண்டில் முள்ளும் அணிகலனும் செய்தனர். அக்குவியல்களில் ஏறத்தாழ 8,000 முதல் 3,500 ஆண்டுக்கு முற்பட்டவை சிலவற்றில் சிவப்பு அபலோனி மிகுந்து காணப்படும். சிவப்பு அபலோனி குளிர்நீரை விரும்புவது. அத்தீவுகளின் தெற்கில் இன்று ஆழத்தில்தான் வாழும். அக்காலத்து மக்கள் ஆழத்தில் மூழ்கி எடுத்தார்களா, அல்லது கடல் அன்று குளிர்ந்திருந்து அபலோனியே கரைக்கு வந்ததா? மைக்கேல் கிளாஸோவும் உடன் ஆய்ந்தவர்களும் ஓடுகளின் ஆக்சிஜனை அளந்து, கடல் அன்று குளிர்ந்திருந்தது என்ற பக்கம் நின்றனர். வேறு சிலரோ, மக்கள் கடல் நீர்நாய்களை வேட்டையாடிக் குறைத்ததால் அவற்றின் இரையான அபலோனி பெருகியது என்றனர். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பதே என் எண்ணம். ஓடு தன் கடலின் வெப்பத்தைச் சொல்லும். அந்தக் கடலில் யார் யாரைத் தின்றார் என்பதைச் சொல்லாது.

கடல் நீர்நாய் என்றதும் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்துவிடுகிறது. தோலுக்காக நீர்நாய்களை வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்ட கரையில், 1850-களில் தங்கம் தேடி வந்த சீனர்கள் இறங்கினர். தின்பாரில்லாமல் பாறைக்குமேல் பாறையாக அபலோனி அப்பிக் கிடந்தது. அவர்கள் ஊரில் அது விருந்துணவு, இங்கே சீண்டுவாரில்லை. இறைச்சியைக் காயவைத்துச் சீனத்துக்கு அனுப்பினர். ஓடு பொத்தானுக்கும் பதிப்பு வேலைக்கும் போயிற்று. 1879-இல் 41 லட்சம் பவுண்டு எடை பிடிபட்டதாகக் கணக்கு. 1900-ஐ ஒட்டி, ஆழமில்லாத நீரில் எடுப்பதற்குத் தடை வந்தது. வெள்ளையரின் சீன வெறுப்பு அந்தச் சட்டத்தின் பின்னே இல்லை என்று சொல்வதற்கில்லை. மான்டரேயின் பாயின்ட் அலோன்ஸ் சீனக் குடியிருப்பு 1906-இல் தீக்கிரையானது. அதற்குள் தலைக்கவச உடை அணிந்து ஆழத்தில் மூழ்கும் ஜப்பானியர் வந்துவிட்டிருந்தனர். அவர்களுக்குப் பின் வெள்ளையர். 1957-இல் 54 லட்சம் பவுண்டு; அதுவே உச்சம்.

இத்தனை காலமும் அரசு கையாண்ட முதன்மையான காவல் ஓர் அளவுகோல்தான்: இன்ன நீளத்துக்குக் குறைந்த அபலோனியைத் தொடாதே. பொழுதுபோக்காக மூழ்குவோருக்குச் சிவப்பு அபலோனியில் 7 அங்குலம் வரம்பு. இந்த விதியின் உள்ளே ஒரு வயதுக் கணக்கு ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். அவ்வளவு வளர்வதற்குள் அது பலமுறை முட்டையிட்டிருக்கும், எடுப்பது போல் புதியது வந்து சேர்ந்துவிடும் என்பதே விதியின் உட்பொருள். அப்படியானால் 7 அங்குலம் வளர எத்தனை ஆண்டு? ஐந்தாண்டா, பதினைந்தாண்டா? இரண்டுக்கும் இடையே மீன்வளத்தின் வாழ்வும் சாவும் இருக்கிறது. அடையாளத் தகடு ஒட்டிக் கடலில் விட்டு, ஆண்டு கழித்துத் திரும்பப் பிடித்து அளந்து பார்த்தவர்கள் வட கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 12 ஆண்டு என்று கண்டனர். ஓர் இரவு விருந்துக்குப் பன்னிரண்டு ஆண்டு.

தகடு ஒட்டுவது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. ஓட்டின் வளையமே வயதைச் சொல்லிவிட்டால் எவ்வளவு எளிது! 1970-களில் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் ஒரு முறை கையாளப்பட்டது. ஓட்டின் சுருள் நுனியைத் தேய்த்துச் சிறு துளையிட்டால், துளையைச் சுற்றிக் கருவளையமும் வெண்வளையமும் மாறிமாறித் தெரியும். எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். 1988-இல் ஜெரெமி பிரின்ஸும் உடனுழைத்தோரும் டாஸ்மேனியாவின் கருவிளிம்பு அபலோனிக்கு இம்முறையைப் பயன்படுத்தி வயது கணிக்கலாம் என்று எழுதினர். நான்காண்டு கழித்து, 1992-இல், பால் மெக்‌ஷேனும் அவருடன் எழுதியவரும் அதே இனத்தை எடுத்துக்கொண்டு, ஓட்டின் வளர்ச்சித் தடைக் குறிகள் வயதுக்கு நம்பத்தக்க சான்றல்ல என்று நேர் எதிராக எழுதினர்.

இருவரும் கண்ணாற் கண்டதையே எழுதினர் என்றுதான் நினைக்கிறேன். ஓரிடத்தில் வளையம் ஒழுங்காக விழுகிறது. சில நூறு மீட்டர் தள்ளி, அலையும் பாசியும் வேறான மற்றோர் இடத்தில், ஒழுங்கு குலைகிறது. சில இனங்களில் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்கோர்ஸ்பி ஷெப்பர்ட் இனம் இனமாக, இடம் இடமாக இந்தக் கணக்கைத் தனித்தனியே சரிபார்க்க முனைந்தார். மெக்சிகோ ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1995-இல் பச்சை அபலோனிக்கும் ஒரு காலவரிசை எழுதினார். அவர் முறையில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை: எல்லா அபலோனிக்கும் ஒரே வாய்பாடு எழுதிவிடும் ஆசை அதில் இல்லை.

இன்னொரு தொல்லை துளைப்பான்கள். கடற்பஞ்சில் சில வகைகளும் புழுக்களில் சில வகைகளும் அபலோனியின் ஓட்டைக் குடைந்து குடியிருக்கும். குடைந்துகொண்டு உள்ளே வந்தால், அபலோனி தன் உடலைக் காக்க உட்புறத்தில் அவசரமாகப் பூச்சுப் பூசும். அதுவும் வெட்டில் ஒரு வளையமாகத் தெரியும். வயதான ஓட்டின் நுனியோ அரிக்கப்பட்டு முதல் சில ஆண்டுகளின் வளையங்களே போய்விட்டிருக்கும். முதலேடுகள் செல்லரித்துப்போன, நடுவில் இடைச்செருகல் புகுந்த சுவடி. அதன் பக்கங்களை எண்ணி நூலின் அளவைச் சொல்லத் துணிபவர் யார்?

வயதும் காசும் பின்னிக் கிடக்கும் இந்தச் சிக்கல் நம் கடலுக்கும் பழக்கமானதே. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி அபலோனிக்கு உறவன்று. ஆனால் அங்கும் கேள்வி இதுவே. இளஞ்சிப்பியில் முத்துச் சிறியது. காத்திருந்தால் முத்து வளரும். மிகவும் காத்திருந்தால் ஆறேழு ஆண்டில் சிப்பி செத்து முத்து மணலில் போகும். ஆகவே எந்தப் பாரில் எந்த ஆண்டுச் சிப்பி என்பது அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். 1902-இல் இலங்கை அரசின் அழைப்பில் வந்த ஹெர்ட்மனும், அவருடன் வந்து தங்கிவிட்ட ஜேம்ஸ் ஹார்னெலும் எழுதிய ஐந்து பாக அறிக்கை 1903 முதல் 1906 வரை வெளியாயிற்று. 1906-இல் இருபதாண்டுக் குத்தகை எடுத்த கம்பெனி, சிப்பி விளையாததால் 1912-இல் கலைந்தது. சிப்பியின் வயது தெரிந்தவருக்கும் அடுத்த தலைமுறை எப்போது வந்து பாரில் படியும் என்பது தெரியவில்லை.

அடுத்த தலைமுறை வராமற்போன அபலோனி ஒன்றுண்டு. அது வெள்ளை அபலோனி. தென் கலிஃபோர்னியாவிலும் பாஹாவிலும், மற்ற இனங்களைவிட ஆழத்தில், பெரும்பாலும் 25 மீட்டருக்குக் கீழே வாழ்வது. 1940-இல்தான் அறிவியற்பெயர் பெற்றது. கரையோர இனங்கள் குறைந்தபின் மூழ்காளர்கள் ஆழத்துக்குப் போனார்கள். 1972-இல் பிடிப்பு உச்சத்தைத் தொட்டது. பத்தாண்டுக்குள் ஒன்றுமில்லாமல் ஆயிற்று. எஞ்சியவற்றை எவரும் தொடாவிட்டாலும் அவை பெருகவில்லை. முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுக் கலக்கவிடும் உயிர்கள் இவை. ஆணும் பெண்ணும் சில மீட்டருக்குள் இருந்தாலன்றிக் கரு இல்லை. 1990-களில் கடலடியில் தேடியவர்கள் கண்டவை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய, கிழட்டு அபலோனிகள், இளையவை இல்லை. கடைசியாக நன்கு குஞ்சு பிழைத்தது 1970-ஐ ஒட்டி என்று கணித்தனர். ஆயுள் 35 முதல் 40 ஆண்டு என்று வைத்துப் பார்த்தால் 2010 அளவில் எல்லாம் இறந்துவிடும். அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்கீழ் 2001-இல் அது சேர்க்கப்பட்டது; முதுகெலும்பற்ற கடலுயிர்களில் அவ்வாறு சேர்க்கப்பட்ட முதல் உயிர் அது. வயதுக் கணக்கு இங்கே மீட்பவர்களுக்கு எத்தனை ஆண்டு அவகாசம் என்ற கணக்காகிவிட்டது.

அந்த 35-உம் 40-உம் சரிதானா என்று பார்க்க, வளையங்களைவிட உறுதியான குறி ஒன்று கிடைத்தது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் பெருகியது. அது கடலில் கலந்தது; அக்காலத்தில் ஓடு கட்டிய ஒவ்வோர் உயிரும் அதை ஓட்டில் பதித்துக்கொண்டது. இந்தக் குறிக்கு ஆண்டு தெரியும். பசியாலோ புழுவாலோ அது விழாது. ஆலன் ஆண்ட்ரூஸும் லாரா ராஜர்ஸ்-பென்னெட் முதலியோரும் வெள்ளை அபலோனி ஓடுகளில் நுனியிலிருந்து விளிம்புவரை இந்தக் கரிமத்தை அளந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். ஆயுள் முப்பது ஆண்டை ஒட்டியது என்ற மதிப்பீட்டுக்கே அது ஆதரவாக இருந்தது. கருதியிருந்ததைவிட அவகாசம் குறைவு. குண்டுக்கு ஐசோடோப்புப் பிரித்துக் கொடுத்த யூரி, சிப்பிக்கு வெப்பமானி கொடுத்ததும், அந்தக் குண்டே சிப்பிக்கு நாட்காட்டியானதும் ஒருவர் திட்டமிட்டு எழுதிய கதைபோல் இருக்கிறது. வெள்ளை அபலோனியைக் குஞ்சகத்தில் வளர்த்துக் கடலில் விடும் வேலை 2019-இல் தொடங்கியது.

வடக்கே சிவப்பு அபலோனிக்கு வேறு துன்பம் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே 1997-இல் எல்லா அபலோனிப் பிடிப்பும் நிறுத்தப்பட்ட பின்னும், வடக்கே மூச்சடக்கி மூழ்குவோர் தங்கள் மகிழ்ச்சிக்கு எடுத்துவந்தனர். 2013-இல் கடல் நட்சத்திரங்கள் நோயுற்று மாய்ந்தன. அவற்றின் இரையான ஊதாக் கடல் முள்ளெலிகள் கணக்கின்றிப் பெருகின. 2014 முதல் 2016 வரை கடல் கடுமையாகச் சூடேறியது. கெல்ப் காட்டில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தது. 12 ஆண்டு வளர்ந்து 7 அங்குலம் தொட்ட அபலோனிகள் பாறையைப் பற்றும் வலுவின்றி உதிர்ந்தன. 2018-இல் அங்கும் தடை வந்தது. அந்தப் பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்தவற்றின் ஓட்டை ஒருநாள் யாராவது வெட்டிப் பார்ப்பார்கள். உள்ளடுக்கில் தடித்த கருங்கோடுகள் நெருங்கி நின்றால், அவற்றை ஆண்டுகளென்று எண்ணிவிடாமல் இருக்க, 2014-க்கும் 2016-க்கும் இடையில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.